கூண்டில் ஃபிஞ்ச் குருவிகள் காரணம் தெரியாமல் சாகின்றனவா? கண்டுபிடிக்க 27 குறிப்புகள்

பெருந்துறை, சென்னிமலை, விஜயமங்கலம் பக்கமெல்லாம் மாடியிலும் பொடக்காளியிலும் காலனிக் கூண்டு போட்டு ஃபிஞ்ச் வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். ஜீப்ரா, பெங்காலீஸ், கோல்டியன், ஜாவா என்று எந்த வகையானாலும் ஒரு குணம் பொது. உடம்புக்கு முடியவில்லை என்பதைக் கடைசி வரை வெளியே காட்டாது. கூட்டத்தில் சுணங்கிய பறவையைத்தான் வல்லூறு முதலில் குறிவைக்கும் என்பதால், நோவை மறைப்பது அதன் பிறவிப் பழக்கம். நேற்று மாலை வரை பாடிய குருவி இன்று காலை கீழே கிடப்பது அதனால்தான்.

அடுத்து நடப்பதுதான் வருத்தமானது. குருவியைக் குப்பையில் போட்டுவிட்டு, கடையில் கேட்டு ஏதோ ஒரு ஆன்டிபயாடிக் பவுடரைத் தண்ணீரில் கலக்கிவிடுகிறோம். வெயிலில் செத்ததற்கும், புகையில் செத்ததற்கும், பூஞ்சணம் பிடித்த தினையால் செத்ததற்கும், உண்ணி கடித்துச் செத்ததற்கும் ஒரே பவுடர் எப்படித் தீர்வாகும்? முதலில் காரணம், பிறகுதான் மருந்து. காரணத்தைச் சொல்லக்கூடிய முதல் சாட்சி செத்த குருவியின் உடம்பு. நம் ஊர் வெயிலில் அது சில மணி நேரத்திலேயே கெட்டுவிடும். அதற்குள் என்ன செய்ய வேண்டும், பிறகு எங்கெங்கே தேட வேண்டும் என்பது கீழே வரிசையாக.

முதல் ஒரு மணி நேரம்

1. செத்த குருவியை எறியாதீர்கள். கிடந்த இடத்திலேயே செல்போனில் ஒரு படம் எடுங்கள். கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு எடுங்கள். 6, 7ஆம் குறிப்புகளில் உள்ளபடி பார்த்து முடித்ததும், சோப்புத் தண்ணீரில் இறகை நனைத்துவிடுங்கள். இறகுக்குள் தங்கும் சூடு அப்போதுதான் சீக்கிரம் இறங்கும். பிறகு இரண்டு கவர்களில் போட்டுக் கட்டி, மூடியுள்ள டப்பாவில் வைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம். உறைந்தால் உள்ளுறுப்புகளின் திசுக்கள் சிதைந்து, நுண்ணோக்கியில் எதையும் தெளிவாகப் பார்க்க முடியாமல் போகும்.

2. மீதி குருவிகளை எண்ணுங்கள். எண்ணிக்கை குறைந்தால் கூடு கட்டும் பானைக்குள், செடிக்குள், தீனித்தட்டுக்கு அடியில் தேடுங்கள். செத்ததை உள்ளேயே விட்டால் புழு வைக்கும். புழுவை மற்றவை தின்னும். 2019 நவம்பரில் ராஜஸ்தானின் சாம்பர் ஏரியில் ஆயிரக்கணக்கான பறவைகள் செத்தபோது முதலில் பறவைக் காய்ச்சல் என்றுதான் பயந்தார்கள். போபாலில் உள்ள தேசிய ஆய்வகம் அது இல்லை என்றது. பரேலி கால்நடை ஆராய்ச்சி நிறுவனம் பாட்டுலிசம் என்று உறுதி செய்தது. அழுகிய உடல்களிலும் அவற்றில் நெளியும் புழுக்களிலும் சேரும் நஞ்சு அது.

3. சுணங்கியதை உடனே பிரியுங்கள். இறகைச் சிலிர்த்துக்கொண்டு, கண்ணை மூடித் தரையில் உட்கார்ந்திருக்கும் குருவியைச் சின்னக் கூண்டில் தனியே வைத்து, மூன்று பக்கமும் துணி போட்டு மூடுங்கள். மார்கழிக் குளிரிலோ மழை நாளிலோ ஒரு பக்கம் மட்டும் பல்பு போட்டு 30 டிகிரி அளவுக்குச் சூடு கொடுங்கள். சூடு அதிகமானால் அது மறுபக்கம் நகர இடம் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் பல்பு தேவையில்லை. தீனியும் தண்ணீரும் தரை மட்டத்தில் இருக்கட்டும். பல குருவிகளைக் காப்பாற்றுவது இந்தச் சூடும் ஓய்வும்தான்.

4. அன்றைக்கே தண்ணீரில் மருந்து கலக்காதீர்கள். ஆன்டிபயாடிக் உள்ளே போய்விட்டால் ஆய்வகத்தில் கிருமியை வளர்த்துப் பார்ப்பது சிரமம். நோயுற்ற குருவி தண்ணீரே குறைவாகத்தான் குடிக்கும். மருந்தின் கசப்பால் நன்றாக இருப்பவையும் குடிப்பதைக் குறைத்துவிடும். டெட்ராசைக்ளின் கொடுக்கும்போது கூண்டில் கடல் நுரை தொங்கினால், அதன் சுண்ணச்சத்து மருந்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. பதினைந்து கிராம் உடம்புக்கு அளவு தப்பினால் மருந்தே விஷம்.

5. தீனியையும் தண்ணீரையும் மாற்றுங்கள்; பழையதில் மாதிரி எடுத்து வையுங்கள். ஒரு கைப்பிடி தினையைக் கவரிலும், தண்ணீரைச் சுத்தமான பாட்டிலிலும் பிடித்து, தேதி எழுதி வையுங்கள். பிறகு ஒரு நோட்டில் கடந்த பத்து நாள்களில் மாறியவற்றை எழுதுங்கள். புது மூட்டை, புதுக் குருவி, புது வலை, பெயின்ட், பூச்சி மருந்து, பக்கத்துத் தோட்டத்தில் மருந்தடிப்பு, தண்ணீர் லாரி, வெளியூர் போனதால் வேறொருவர் பார்த்துக்கொண்டது என எதையும் விடாதீர்கள். காரணம் பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் ஒளிந்திருக்கும்.

உடம்பைப் படியுங்கள்

6. நெஞ்சைத் தொட்டுப் பாருங்கள். முதல் பெரிய பிரிவு இங்கேதான். நெஞ்செலும்பின் இரு பக்கமும் சதை நிறைந்து, இரைப்பையில் தினையும் இருந்தால் அது திடீர்ச் சாவு. புகை, நஞ்சு, வெயில், பயம், அடி ஆகியவற்றைத் தேடுங்கள். எலும்பு கூராகக் கைக்குத் தட்டுப்பட்டால் பல நாள்களாக மெலிந்திருக்கிறது. பூஞ்சை, குடல் ஒட்டுண்ணி, பட்டினி ஆகியவற்றைத் தேடுங்கள். நகைத் தராசு மாதிரியான சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு ஜீப்ரா ஃபிஞ்ச் ஏறக்குறைய 12 முதல் 16 கிராம் இருக்கும். இரண்டு கிராம் குறைவதே அதற்குப் பெரிய இழப்பு.

7. தலை முதல் கால் வரை பாருங்கள். பின்னந்தலையில் இறகு பிய்ந்து ரத்தம் இருந்தால் கூட்டத்துச் சண்டை. கண்ணைச் சுற்றியும் காலிலும் கொப்புளங்கள் இருந்தால் கொசு பரப்பும் அம்மை. அலகைச் சுற்றி ஈரம் இருந்தால் வாந்தி அல்லது மூச்சுக்கோளாறு. ஆசனவாயில் எச்சம் ஒட்டியிருந்தால் கழிச்சல். வயிற்று இறகை ஊதி விலக்கினால் மெல்லிய தோலுக்கு அடியில் உள்ளுறுப்புகள் தெரியும். வலப்பக்கம் கருமையாகப் புடைத்திருந்தால் கல்லீரல் வீக்கம். பெட்டையின் அடிவயிறு உருண்டு கெட்டியாக இருந்தால் முட்டை அடைத்துக்கொண்டது.

8. யார், எங்கே, எப்போது என்று கேளுங்கள். எல்லா வகையும் ஒரே நாளில் செத்தால் காற்று, தண்ணீர், தீனி ஆகியவற்றில் ஒன்று. ஒரு வகை மட்டும் செத்தால் அந்த வகைக்கான நோய். குஞ்சுகள் மட்டும் என்றால் பானைக்குள் பிரச்சினை. ஜன்னல் பக்கத்துக் கூண்டு மட்டும் என்றால் வெயிலோ வெளிப்புகையோ. எப்போதும் விடியற்காலையில்தான் என்றால் இரவில் ஏதோ வருகிறது. வாரம் ஒன்றாக, மாதக்கணக்கில் சாகிறது என்றால் தொற்றுநோய் உள்ளே குடியிருக்கிறது.

காற்றும் வெயிலும்

9. சமையலறையைச் சந்தேகியுங்கள். பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில், காற்றுப்பைகள் வழியாக இடைவிடாமல் ஓடுகிறது. அதனால் காற்றிலுள்ள நஞ்சும் நம்மைவிட வேகமாக அதன் ரத்தத்தில் ஏறும். விஞ்ஞானி ஜான் ஸ்காட் ஹால்டேனின் யோசனைப்படி பிரிட்டன் நிலக்கரிச் சுரங்கங்களில் நச்சு வாயுவைக் கண்டறியக் கேனரிக் குருவிகளை வைத்திருந்தார்கள். 1986 வரை அந்தப் பழக்கம் இருந்தது. நம் வீட்டில் அந்த நச்சு, நான்ஸ்டிக் தோசைக்கல்லிலிருந்து வரலாம். வெறும் கல்லை அடுப்பில் மறந்து வைத்து 280 டிகிரிக்கு மேல் காய்ந்தால், அதன் பூச்சிலிருந்து கிளம்பும் ஆவி குருவிகளைச் சில நிமிடங்களில் கொன்றுவிடும். மனிதருக்கு வாடைகூடத் தெரியாமல் போகலாம். சமையலறையை ஒட்டிக் கூண்டு வைக்கவே கூடாது.

10. மற்றப் புகைகளையும் கணக்கில் சேருங்கள். கொசுவர்த்திச் சுருள், லிக்விட் மெஷின், ஸ்பிரே, வெள்ளிக்கிழமைச் சாம்பிராணி, அந்துருண்டை, எறும்புப் பவுடர், புதுப் பெயின்ட் எல்லாமே மூடிய அறையில் குருவிக்கு ஆபத்து. தெருவில் கொசுப்புகை வண்டி வரும் நாளில் கூண்டை உள்ளே மாற்றி ஜன்னலை அடையுங்கள். கொப்பரை உலர்த்தும் களங்கள் பக்கத்தில் இருந்தால் அங்கே கந்தகப் புகை போடுகிறார்களா, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று விசாரியுங்கள். கரன்ட் போகும்போது ஓடும் ஜெனரேட்டரின் புகைக்குழாய் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்றும் பாருங்கள்.

11. கூண்டின் மேல்பகுதியில் தெர்மாமீட்டர் மாட்டுங்கள். நம் ஈரோடு மாவட்டத்தில் சித்திரை, வைகாசியில் 40 டிகிரி தாண்டுவது வழக்கம். ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரக் கூரைக்கு அடியில் அதைவிடக் கூடும். வாயைத் திறந்து, இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி வைத்து உட்கார்ந்தால் வெயில் தாங்கவில்லை என்று பொருள். கூரை மேல் தென்னங்கீற்று, பக்கவாட்டில் நனைத்த சாக்கு, பிற்பகலில் குளிக்க ஒரு தட்டுத் தண்ணீர் போதும். மூன்று மணி அளவில் ஒருமுறை போய்ப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

12. ஆடிக்காற்றைத் தடுங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று ஆனி முதல் ஆவணி வரை நம் பக்கம் விடாமல் அடிக்கும். கூண்டின் மேற்குப் பக்கம் அடைப்பாக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவெல்லாம் நனைந்த குருவி காலையில் பிழைப்பது அரிது. நான்கு பக்கமும் வலை உள்ள கூண்டு பார்க்க அழகு. ஆனால் குருவிக்கு ஒதுங்க ஒரு மூலை வேண்டும்.

தீனியும் தண்ணீரும்

13. தீனி டப்பாவை ஊதிப் பாருங்கள். ஃபிஞ்ச் தினையை உரித்துத் தின்றுவிட்டு உமியை அதே டப்பாவில் விட்டுவிடும். மேலே பார்த்தால் நிறைந்தது போலத் தெரியும். ஊதினால் அடியில் ஒன்றும் இருக்காது. இவ்வளவு சின்னப் பறவை ஒரு நாள் முழுக்கப் பட்டினி கிடந்தாலே சாகும். நாம் வெளியூர் போயிருந்தபோது நடக்கும் பல மர்மச் சாவுகளுக்கு இதுதான் காரணம். பார்த்துக்கொள்பவரிடம் உமியை ஊதக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போங்கள்.

14. தினையை முளைக்கவைத்துச் சோதியுங்கள். உமியோடு உள்ள ஐம்பது விதைகளை ஈரத்துணியில் மூன்று, நான்கு நாள் வையுங்கள். முக்கால்வாசிக்கு மேல் முளைத்தால் நல்ல சரக்கு. பாதிகூட முளைக்காவிட்டாலும், முளைப்பதற்குள் பச்சையோ கறுப்போ பூஞ்சணம் படர்ந்தாலும் அந்த மூட்டை வேண்டாம். பூஞ்சணத்தில் சேரும் அஃப்ளாடாக்சின் கல்லீரலைக் கெடுக்கும். வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் அந்த நஞ்சு போகாது. மழைக்காலத்தில் பெரிய மூட்டையாக வாங்காமல், மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கிக் காற்றுப் புகாத டின்னில் வையுங்கள்.

15. விதைக்க வைத்திருந்த தானியத்தைப் போடாதீர்கள். கம்போ சோளமோ சிவப்பாகவோ பச்சையாகவோ சாயமேறி இருந்தால் அது மருந்து கலந்த விதை. கிடங்கில் புழுவுக்குப் போடும் மாத்திரையின் வாயுவும் கொல்லும். மூட்டை எங்கிருந்து வந்தது என்று கேட்டு வாங்குங்கள். சந்தைக் கீரையில் மருந்து வீச்சம் இருந்தால் தவிருங்கள். தொட்டியில் வளர்த்த கீரையே மேல். நீலகிரிப் பக்கமிருந்து வரும் பட்டர் ஃபுரூட் பறவைகளுக்கு நஞ்சு. ஒரு துண்டுகூடக் கூடாது.

16. தண்ணீரை நீங்களே மோந்து பாருங்கள். பாசி வழுவழுப்பும் செத்த பல்லியும் கண்ணில் பட்டுவிடும். படாதது போர்த் தண்ணீரின் உப்பும் ரசாயனமும். தொழிற்பேட்டையை ஒட்டிய பகுதிகளிலும் ஆழ்துளைக் கிணறு வறண்டு வரும் காலத்திலும் தண்ணீரின் தன்மை மாறும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். பாத்திரம் பெர்ச்சுக்கு நேர் கீழே இருந்தால் எச்சம் விழும், இடம் மாற்றுங்கள். 2005 முதல் பிரிட்டனில் கிரீன்ஃபிஞ்ச் குருவிகளை வாரிக்கொண்டு போன ட்ரைக்கோமோனாஸ் நோய், தீனித்தட்டும் தண்ணீர்த்தட்டும் அசுத்தமாகும்போது எளிதாகப் பரவுவது. தினமும் தேய்த்துக் கழுவுவதைவிட மலிவான மருந்து வேறில்லை.

17. புது வலையைக் கழுவாமல் குருவியை விடாதீர்கள். துத்தநாகம் பூசிய வெல்டு மெஷ்ஷில் வெண்பொடியும் சின்னச் சின்னத் துகள்களும் ஒட்டியிருக்கும். ஃபிஞ்ச் கிளி அளவுக்குக் கம்பியைக் கடிக்காது என்றாலும், உதிர்ந்த துகளைச் சிறுகல் (கிரிட்) என்று பொறுக்கித் தின்னும். வினிகர் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்து, கழுவி, நன்றாக வெயிலில் காயவையுங்கள். கூண்டு புதிதாகச் செய்த சில வாரங்களில் சாவு தொடங்கினால், துத்தநாக நஞ்சா என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேளுங்கள்.

இரவும் பானையும்

18. இரவில் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். எலி, பூனை, சாரைப்பாம்பு, ஆந்தை இவற்றில் ஒன்று வலைக்கு வெளியே வந்து நின்றாலே போதும். குருவிகள் இருட்டில் பறந்து மோதி, வெளிக்காயமே இல்லாமல் மண்டைக்குள் ரத்தம் கசிந்து சாகும். தரையில் கொஞ்சம் மாவைத் தூவி வைத்தால் காலையில் தடம் தெரியும். மங்கலான சின்ன விளக்கு எரியட்டும். எலியின் மூத்திரமும் புழுக்கையும் தீனியில் கலந்து சால்மொனெல்லா, யெர்சினியா போன்ற கிருமிகளைக் கொண்டுவரும் என்பதால் அரை அங்குல வலைதான் நல்லது. தீபாவளியன்று கூண்டை உள்ளறைக்கு மாற்றுங்கள். 2022ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள ஊர்க்காரர்கள், பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. நம் கூண்டுக் குருவிக்கும் அந்த அக்கறை வேண்டும்.

19. பானைக்குள் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு உண்ணி பகலில் பெர்ச்சின் முனையிலும் பானை விரிசலிலும் ஒளிந்திருந்து, இரவில் ரத்தம் குடிக்கும். பகலில் குருவி மேல் தேடினால் கிடைக்காது. மாலையில் ஒரு வெள்ளைத் துணியைக் கூண்டின் மேல் போட்டு, விடியும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்புப் புள்ளிகள் நகர்ந்தால் உறுதி. குஞ்சுகள் வெளிறிச் சாவதும், தாய் பானைக்குள் போக மறுப்பதும் இதன் அடையாளங்கள். பானைகளைக் கொதிநீரில் போட்டெடுங்கள். குருவிக்குப் போடும் மருந்தை மருத்துவர் சொல்லட்டும்.

20. தறிக் கழிவு நூலைக் கூடு கட்டக் கொடுக்காதீர்கள். நம் பக்கம் தறி ஓடாத ஊர் குறைவு. நூல் சும்மா கிடைக்கிறது. ஆனால் நீள நூல் குஞ்சின் காலிலும் தாயின் கழுத்திலும் சுற்றி இறுகிவிடும். கால் வீங்கிக் கறுத்து, பானையைவிட்டு வரமுடியாமல் உள்ளேயே செத்திருக்கும். இரண்டு அங்குலத்துக்கு வெட்டிய தேங்காய் நாரும் காய்ந்த புல்லும் போதும். செத்த குஞ்சு ஒவ்வொன்றின் காலையும் பார்த்துவிட்டுப் புதையுங்கள்.

21. முட்டை அடைப்பைக் கண்டுகொள்ளுங்கள். முட்டையிடும் பருவத்துப் பெட்டை திடீரெனத் தரையில் வீங்கி உட்கார்ந்து அன்றே செத்தால் பெரும்பாலும் இதுதான். சுண்ணச்சத்துக் குறைவு, குளிர், ஓய்வில்லாமல் ஈடு மேல் ஈடு எடுப்பது மூன்றும் காரணம். கடல் நுரையும் பொடித்த முட்டையோடும் எப்போதும் இருக்கட்டும். ஆண்டுக்கு இரண்டு, மூன்று ஈடுகளுக்கு மேல் வேண்டாம். பானைகளை எடுத்துவிட்டு ஓய்வு கொடுங்கள்.

நோய்களின் அடையாளங்கள்

22. விளக்கணைத்தபின் காதைக் கொடுங்கள். கூண்டு அடங்கியதும் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால், மூச்சுக்கு ஒருமுறை வால் ஆடினால், பாட்டு நின்றிருந்தால் மூச்சுக்குழாய் உண்ணியாக இருக்கலாம். கோல்டியன்களிடம் இது அதிகம். கழுத்து இறகை நனைத்து விலக்கி, பின்னாலிருந்து சின்ன டார்ச் அடித்தால் மூச்சுக்குழாயில் கரும்புள்ளிகள் சில சமயம் தெரியும். இந்த உண்ணிக்கு ஆன்டிபயாடிக் ஒன்றுமே செய்யாது. ஒட்டுண்ணிக்கான மருந்தை மருத்துவர் அளந்து கொடுக்க வேண்டும்.

23. வளர்ப்புத் தாயைச் சந்தேகியுங்கள். கோல்டியன் முட்டையைப் பெங்காலீஸ் ஜோடியிடம் அடைவைப்பது பலர் வழக்கம். பெங்காலீஸ், காக்லோசோமா என்ற குடல் ஒட்டுண்ணியைத் தனக்கு ஒன்றும் ஆகாமலே சுமந்து, ஊட்டும்போது குஞ்சுக்குக் கொடுத்துவிடும். பிறந்த பத்தாம் நாள் முதல் ஆறு வாரம் வரையுள்ள குஞ்சுகள் மெலிந்து, எச்சத்தில் முழு விதை வர, ஒன்றன்பின் ஒன்றாகச் சாகும். குஞ்சுக்கு மட்டும் வைத்தியம் பார்த்தால் தீராது. தாய்ப் பறவைகளின் எச்சத்தையும் சோதிக்க வேண்டும்.

24. எச்சத்தைப் பிற்பகலில் பிடியுங்கள். கூண்டுக்கு அடியில் பிளாஸ்டிக் தாள் விரித்து, புதிதாக விழுந்ததை எடுத்துச் சின்ன டப்பியில் காயாமல் கொண்டுபோங்கள். ஐசோஸ்போரா என்ற குடல் ஒட்டுண்ணியின் முட்டைகள் இந்தவகைக் குருவிகளின் எச்சத்தில் பிற்பகலில்தான் அதிகம் வெளியேறும். காலை எச்சத்தைப் பார்த்துவிட்டு 'ஒன்றுமில்லை' என்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நுண்ணோக்கி உள்ள எந்தக் கால்நடை ஆய்வகத்திலும் இந்தச் சோதனையைச் செய்ய முடியும். தின்றும் மெலியும் குருவிக்கு இரைப்பைப் பூஞ்சை உள்ளதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

25. புதுக் குருவியை முப்பது நாள் தனியே வையுங்கள். சந்தையில் வாங்கியதும் காலனியில் விடுவதுதான் நோய் உள்ளே நுழையும் பெரிய வாசல். வேறு அறை, வேறு பாத்திரம். பழைய குருவிகளை முதலில் கவனித்துவிட்டுப் புதியதைக் கடைசியில் பாருங்கள். வயலில் பிடித்த சில்லைகளை மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி அவற்றைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். காட்டுக் குருவி கூண்டில் பயந்தே செத்துப்போகும். அதற்குள் தன் ஒட்டுண்ணிகளையும் விட்டுவிட்டுப் போகும்.

ஆய்வகமும் அதன் பிறகும்

26. போஸ்ட்மார்ட்டத்துக்குக் கொண்டுபோங்கள். இதன் பலனுக்குச் சாட்சி நம் மாவட்டத்திலேயே உண்டு. 1990களில் இந்தியா முழுவதும் பாறுக் கழுகுகள் செத்து விழுந்தன. பாம்பே இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் விபு பிரகாஷ் பரத்பூரில் அந்தச் சரிவைப் பதிவு செய்தார். ஏதோ வைரஸ் என்றே பலரும் நினைத்தார்கள். அறுத்துப் பார்த்தபோது உள்ளுறுப்புகளின் மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படிந்திருந்தது, சிறுநீரகம் பழுதாகியிருந்தது. அந்தத் தடத்தைப் பிடித்துப்போன லிண்ட்சே ஓக்ஸ் குழு, மாடுகளுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் வலிமருந்தே காரணம் என்று 2004ல் அறிவித்தது. 2006ல் இந்தியா அந்த மருந்தைக் கால்நடைக்குத் தடை செய்தது. ஈரோடு, நீலகிரி மாவட்டங்கள் சேரும் மாயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியுள்ள கழுகுகளைக் காக்கும் முயற்சிகள் இன்றும் அந்தக் கண்டுபிடிப்பின் மேல்தான் நிற்கின்றன. ஊகத்தில் நின்றிருந்தால் இன்னும் வைரஸைத் தேடிக்கொண்டிருப்போம்.

முதலில் அரசுக் கால்நடை மருத்துவமனையில் கேளுங்கள். ஈரோட்டில் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மற்றும் ஆராய்ச்சி மையம் உள்ளது. நாமக்கல்லில் 1985ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, கோழி நோய்களைக் கண்டறிவதில் நீண்ட அனுபவம் உள்ள இடம். போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது. ஐஸ் பேக் வைத்த தெர்மாகோல் பெட்டியில், குருவி நேராக ஐஸில் படாமல், செத்த 24 மணி நேரத்துக்குள் கொண்டுசேருங்கள். புதிதாகச் செத்தது இரண்டு, மூன்று இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கூடவே நோட்டு, தினை மாதிரி, தண்ணீர், எச்சம். எத்தனை இருந்தன, எத்தனை செத்தன, என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இரண்டு நாளுக்கு மேல் தாமதமாகும் என்றால் மட்டும் ஃப்ரீசரில் வையுங்கள். நஞ்சையும் வைரஸையும் தேட அதுவாவது உதவும்.

அதே நாள்களில் தெருவில் காக்கைகளும் வீட்டுக் கோழிகளும் சேர்ந்து செத்தால் எதையும் தொடாதீர்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு, குழந்தைகளை விலக்கி, கால்நடை பராமரிப்புத் துறைக்கு உடனே தகவல் சொல்லுங்கள். 2014லும் 2021லும் கேரளத்தின் ஆலப்புழை, கோட்டயம் பகுதிகளில் பறவைக் காய்ச்சல் வந்தது. எல்லை நமக்குத் தூரமில்லை. அதை உறுதி செய்வது போபாலில் உள்ள தேசிய ஆய்வகம்.

27. முடிவு வந்தபின் ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள். நோயின் பெயர் தெரிந்தால் மருத்துவர் சொன்ன மருந்தை, சொன்ன நாள்கள் முழுக்கக் கொடுங்கள். இரண்டு நாளில் தேறிவிட்டது என்று நிறுத்தாதீர்கள். 'கிருமி எதுவும் இல்லை' என்று வந்தால் அதுவும் பெரிய பலன். தொற்று ஒரு பக்கம் விலகுகிறது. புகை, தினை, வலை, இரவு ஆகியவற்றுக்குத் திரும்பி ஒவ்வொன்றாகச் சரிசெய்யுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது காரணம் என்று கடைசி வரை தெரியாது. உயிருக்கு உடனே ஆபத்தானதை மட்டும் முதலில் நீக்குங்கள். கண்டறிந்ததைக் குருவி கொடுத்தவருக்கும், உங்களிடம் வாங்கியவர்களுக்கும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். அவர்கள் கூண்டிலும் அதே சாவு நடந்துகொண்டிருக்கலாம். காரணம் தெரிந்து, முப்பது நாள் சாவில்லாமல் போகும் வரை அந்தக் கூண்டிலிருந்து ஒரு குருவியைக்கூட விற்கவோ இனாமாகக் கொடுக்கவோ வேண்டாம்.